கும்ரே வீட்டுக்குப் போன ஆறு பேர்

போன மாதம் எங்கள் போதகர், கர்த்தர் யாருக்கு என்ன வரம் கொடுத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். நூற்றிருபது கேள்வி. அன்றிலிருந்து சபைச் சமையலறைப் பக்கம் ஒருத்தியும் வருவதில்லை. ஒருத்திக்குத் தீர்க்கதரிசன வரம், ஒருத்திக்குக் குணமாக்கும் வரம். பாத்திரம் தேய்க்கும் வரம் மட்டும் தென் கொரியாவில் எங்கள் மொக்போ நகரத்திலேயே யாருக்கும் இல்லை. ஞாயிறுதோறும் நூறு பேருக்குச் சூப் வைத்து, கிண்ணமும் கழுவி, என் இடுப்பே போய்விட்டது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

செவ்வாய்க்கிழமை கும்ரே வீட்டுக்கு ஜெபிக்கப் போனோம். கும்ரே தனியாக இருப்பவள். வயிற்றில் புற்றுநோய். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், வியாழக்கிழமை ஆபரேஷன். வேனில் ஓர் இடம் காலி என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆக, ஆறு பேர்.

ஜெபிக்க வந்தவர்களைப் பழம் வெட்டி வைக்காமல் அனுப்பினால் எங்கள் ஊரில் மானக்கேடு. கும்ரே தரையெல்லாம் வேறு துடைத்து வைத்திருந்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பாட, நிற்கவே தெம்பில்லாதவள் சுவரில் சாய்ந்தபடி பேரிக்காய்க்குத் தோல் சீவினாள். குணமாக்கும் வரம் பெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, கத்தியைப் பிடுங்கினேன்.

"நீ உக்காரு. இல்லேன்னா இதாலயே யாரையாவது குத்திருவேன்."

"ஓக்புன், வாயை அடக்கு," என்றார் மால்ஜா அக்கா. தீர்க்கதரிசன வரம் இவருக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசினார். பிறகு கும்ரேயின் தலையில் கை வைத்தார்.

"சுகமாயிட்டே மகளே! கத்தியே வேண்டாம்னு கர்த்தர் சொல்றார். ஆஸ்பத்திரிக்குப் போகாதே."

எல்லோரும் ஆமென் போட்டார்கள். கும்ரேயும் தலையாட்டினாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அவர்கள் வேனேறிப் போன பிறகு, தட்டுக் கழுவ நான் மட்டும் இருந்துவிட்டேன்.

"நாளைக்குப் போறியா, இல்லியா?"

"மால்ஜா அக்கா வேண்டாம்னுட்டாங்களே."

"அவங்க சொன்னா ஆச்சா? டாக்டர் என்ன கிறுக்கனா? உனக்குப் புத்தி எங்கடி போச்சு?"

"சுகமாகலேன்னு எனக்கே தெரியுது அக்கா. வலிக்குதே," என்றாள் கும்ரே. "ஆனா ஒரு மாசமா மால்ஜா அக்காதான் தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டி விடறாங்க. அவங்க பேச்சை மீறிட்டா அப்புறம் என்னைப் பாக்க யாரு வருவா? நீங்க ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான் இருக்கீங்க. இன்னைக்குத்தானே வந்தீங்க."

குத்திக்காட்டவில்லை அவள், உள்ளதைத்தான் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. இவர்களின் வரங்களைப் பற்றி ஒரு மாதமாக வாய் கிழியப் பேசினேன், இந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவரத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். அந்தக் கோபத்தோடேயே மால்ஜா அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு ஏழு மணிக்கு டாக்ஸியோட உங்க வீட்டு வாசல்ல நிப்பேன். கும்ரேயைச் சேர்க்கணும். நீங்களும் வர்றீங்க."

"கர்த்தர் சொன்னாரே, ஓக்புன்..."

"அதை அவர்கிட்ட அப்புறம் பேசிக்கலாம் அக்கா. இவ பயந்து செத்துக்கிட்டு இருக்கா. நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் போவா. வேற யார் கூப்பிட்டாலும் வர மாட்டா. நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன்."

போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி கஞ்சி குடுக்க விடுவாங்களா?" என்றார்.

"விட மாட்டாங்க. வெறும் வயித்தோடதான் இருக்கணுமாம்."

"ஐயோ, அவளுக்குப் பசிக்குமே," என்று மால்ஜா அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.