பொங்காலைப் பானையும் இடது முட்டியும்

தடி வழுக்கியது.

அம்புஜாட்சி டீச்சர் பானையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த போலீஸ் தடுப்பின் மேல் சாய்ந்தாள். பாயசம் தளும்பியது, சிந்தவில்லை. இடது முழங்காலுக்குள் யாரோ மிளகு அரைப்பது போலிருந்தது.

பின்னால் வந்த பக்கத்து வீட்டு விலாசினி நிதானமாக எட்டிப் பார்த்தாள்.

"பாயசம் பத்திரமா டீச்சரே? அப்ப சரி. ஆள் போனா வேற ஆள் கிடைக்கும்."

பகல் மூன்று மணி. ஆற்றுக்கால் அம்மைக்குத் தெருவோரம் அடுப்பு மூட்டிப் பொங்கும் பொங்காலை முடிந்து, திருவனந்தபுரத்துப் பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கிள்ளிப்பாலம் சாலையில் புகையும், சூடு ஆறாத செங்கற்களும், இடித்துக்கொண்டு போகும் தோள்களும். வண்டி எதுவும் ஓடாது. வீட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்.

வீட்டில் மகள் ஸ்ரீலேகா காத்திருந்தாள். காலையிலேயே அவள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். அம்மா விழுந்தாள், யாரோ தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அடுத்த வருஷத்திலிருந்து பொங்காலை வீட்டு முற்றத்தில்தான். இருபத்தாறு வருஷம் தெருவில் அடுப்பு கூட்டியவளுக்கு அது கல்யாணச் சாப்பாட்டைப் பார்சல் வாங்கித் தின்கிற மாதிரி.

விலாசினியின் பார்வை தடியில் நின்றது. வலிக்கிற கால் எது என்று விசாரித்தாள். இடது. தடி எந்தக் கையில்? அதுவும் இடது.

"பிசியோகாரி அப்படியா சொன்னா?"

இல்லை. வலிக்கிற காலுக்கு எதிர்ப் பக்கக் கையில்தான் தடி இருக்க வேண்டும் என்று அந்தப் பிசியோதெரபிப் பெண் முதல் நாளே சொல்லியிருந்தாள். டீச்சர் அதை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பானை விஷயம் தெரியாதே.

"வலது கையில நைவேத்தியம் இருக்கு விலாசினி. அம்மையோட பானையை இடது கையில பிடிப்பாளா எவளாவது?"

விலாசினி தன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை உருவினாள். பானை ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். துணிக்குள் இறுக்கிக் கட்டி, டீச்சரின் கழுத்து வழியாகக் குறுக்கே மாட்டி, மார்புக்கு நேரே தொங்கவிட்டாள். அம்மைக்கு மரியாதையும் ஆச்சு, வலது கையும் ஒழிந்தது. எட்டி நின்று அழகு பார்த்தாள்.

"அறுபத்தெட்டு வயசுல கைக்குழந்தை. ஊர் என்ன பேசுமோ."

டீச்சர் தடியை வலது கைக்கு மாற்றினாள். தடியும் இடது காலும் சேர்ந்து முன்னே, பிறகு வலது கால். பத்தடி போனதும் மிளகு அரைப்பது பாதியாகக் குறைந்தது. உற்சாகத்தில் எட்டி நடை போட்டாள்.

"நில்லுங்க," என்றாள் விலாசினி, முதல் விளக்குக் கம்பத்திலேயே.

வலி இல்லையே என்றாள் டீச்சர். வலி வந்தபின் நிற்பதற்குப் பெயர் ஓய்வா என்று கேட்டாள் விலாசினி. மூன்றாவது கம்பத்திலும் நிறுத்தினாள். ஐந்தாவதிலும். மோர்ப்பந்தலில் பெஞ்சைக் காட்டி உட்காரவே வைத்துவிட்டாள். டீச்சருக்கு எரிச்சல் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக்கூட இப்படி நிற்க வைத்ததில்லை என்று முணுமுணுத்தாள்.

சந்துக்குள் இறங்க நான்கு படிகள். டீச்சர் வழக்கம்போல் நல்ல காலை நீட்டினாள். விலாசினி தடுத்தாள்.

"கம்பியைப் பிடிங்க. இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதல்ல. ஏறும்போதுதான் நல்ல கால்."

டீச்சர் ஒவ்வொரு படியாக இறங்கினாள். விலாசினி மேலேயே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து வந்தாள்.

வாசலில் வெந்நீர்ப் பையோடு ஸ்ரீலேகா. அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மார்பில் பானை, வலது கையில் தடி, முகத்தில் பரீட்சை எழுதி முடித்த களை. டீச்சர் நல்ல காலை முதலில் வைத்து இரண்டு வாசற்படியும் ஏறி நிமிர்ந்தாள்.

விழுந்தாயா என்று மகள் கேட்டாள். தடிதான் வழுக்கியது, நான் விழவில்லை, யாரும் பிடிக்கவில்லை என்றாள் டீச்சர். கம்பத்துக்குக் கம்பம் விலாசினி நிற்க வைத்ததையும் புகாராகச் சொன்னாள்.

ஸ்ரீலேகா சிரித்துவிட்டாள். அடுத்த வருஷமும் தெருவிலேயே பொங்காலை போடலாம், ஆனால் விலாசினி சேச்சி கூட வந்தால் மட்டும் என்றாள். பிறகு கேட்டிலேயே நின்ற விலாசினியிடம் திரும்பி, அம்மாவுக்காக வழியெல்லாம் நின்று நின்று வந்ததற்கு நன்றி சொன்னாள்.

விலாசினி கேட்டைப் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"அந்த வெந்நீர்ப் பையை முதல்ல இங்க குடு மோளே. டீச்சர் செவ்வாய்க்கிழமை போற அதே பிசியோகாரிகிட்ட நான் வியாழக்கிழமை போறேன். எனக்கு ரெண்டு முட்டியும்."