யாரு உள்ள?

என் வயிற்றில் ஒருவர் குடியிருக்கிறார். கூடவே ஒரு குளத்துத் தண்ணீரும் இருக்கிறது. நடந்தால் தளும்பும். பேருந்தில் எல்லோரும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

டாக்டர் ஹசீனா என் வயிற்றைத் தட்டினார்.

"யாரு உள்ள?"

"நான்தான்" என்றது வயிறு.

"நான்தான்னா யாரு?"

"நான்தான்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேருமே இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். ஒருவர் சினைப்பையில் வரும் புற்று. இன்னொருவர் டிபி என்கிற காசம். இருவருமே தண்ணீர் கட்டுவார்கள். இருவருமே ஆளை இளைக்க வைப்பார்கள். ஸ்கேனில் இருவரும் ஒரே மாதிரி கட்டியாக உட்கார்ந்து போஸ் கொடுப்பார்கள்.

"டிபின்னா மாத்திரை போதும், கிளம்பிடுவாங்க. புற்றுன்னா வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கர்ப்பப்பை, சினைப்பை எல்லாத்தையும் எடுக்கணும்."

எனக்கும் சண்முகவேலுக்கும் போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. குழந்தைக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. குழந்தைதான் பாக்கி. எனக்கு அடிவயிற்றிலிருந்து பயம் வந்தது. அங்கே ஏற்கெனவே இடம் இல்லாததால் தொண்டையில் நின்றுகொண்டது.

ரத்தம் எடுத்தார்கள். அதில் ஏதோ ஒரு எண் ஏறிவிட்டது. ஏறிப் போய் ஃபேன் மேல் உட்கார்ந்திருந்தது.

"இது யாரு வந்தா ஏறும்?" என்று நர்ஸிடம் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"யாரு வந்தாலும் ஏறும்."

"எப்ப எறங்கும்?"

"ஃபேனப் போடாதீங்க."

டிபி பிரிவுக்குப் போனோம். வராந்தா நீண்டுகொண்டே போனதால் பாதியில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஜன்னலுக்குள் இருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"இருமுங்க."

"இருமல் வரல சார்."

"இருமல் இல்லாம டிபியா? நெஞ்சக் கொண்டு வாங்க. இது வயிறு."

"வயித்துலயும் வரும்னு டாக்டரம்மா சொன்னாவ."

"அப்ப வயித்த இருமச் சொல்லுங்க."

வயிறு ஏப்பம் விட்டது. அது செல்லாது என்றார்.

புற்று என்ற சொல் எங்களுக்கு முன்பே தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பெண்கள் பால் செம்பும் முட்டையுமாக வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். செவ்வாய்க்கிழமை வேறு. என் வயிற்றில் மஞ்சள் தடவிக் கும்பிட்டார்கள்.

"இன்னும் முடிவாகலக்கா" என்றேன் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தக்காவிடம்.

"மெதுவா முடிவாகட்டும்ட்டி. பால் திரிஞ்சிரும்லா" என்று ஊற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வருத்தம் தாங்காமல் அப்படியே குக்கராகிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை குக்கரையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். "எட்டிப் பாத்துட்டு அப்புறம் வெட்டுவோம்" என்றார் டாக்டர். என் தொப்புள் வழியாக ஒரு குழாயை விட்டார். உள்ளே தெரிந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். சுவரெல்லாம் யாரோ ரவையை வாரி இறைத்த மாதிரி வெள்ளைப் பொட்டுகள். டாக்டர் ஒரு சிட்டிகை கிள்ளினார். கிள்ளியதை லேபில் கண்ணாடிக்கு அடியில் வைத்து விசாரித்தார்கள். அதற்கு மேல் அதனால் 'நான்தான்' சொல்ல முடியவில்லை. பெயரைச் சொல்லிவிட்டது.

நர்ஸ் கதவைத் திறந்தார். "வடிவு கூட வந்தது யாரு? டிபிங்க!"

"நெசமாவா?" என் வீட்டுக்காரர் குதித்தார். ஓடிப்போய் ஜிலேபி வாங்கி வந்து வராந்தா முழுக்கக் கொடுத்தார். "எம் பொண்டாட்டிக்கு டிபி! எடுத்துக்கோங்க!"

"தலைச்சனா?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"ஆமாய்யா!"

பாக்கியத்தக்கா விசில் அடித்தாள். ஃபேன் மேல் இருந்த எண் ஜிலேபிக்காக இறங்கி வந்தது.

மாத்திரை சாப்பிட்டேன். கண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் வந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. என் வீட்டுக்காரர் மாத்திரையே சாப்பிடவில்லை. அவருக்கும் ஆரஞ்சாகத்தான் வந்தது.

குளம் வற்றியது. மாத்திரை தீர்ந்த அன்று டாக்டர் மறுபடியும் என் வயிற்றைத் தட்டினார்.

"யாரு உள்ள?"

பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினார். கதவைத் தட்டுகிறவரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

"நான்தான்" என்றேன்.

"நான்தான்னா யாரு?"

"வடிவு. வீடு காலியாத்தான் இருக்கு டாக்டர்."