மேலே வரவேண்டிய துண்டு

படகின் உறை உப்புவதை முதலில் பார்த்தது அண்ணன்தான். பார்த்தவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குள் இருக்கும் நடுக்கண்ணாடியை விரலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்தான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒரு தட்டு. முன்னால் கிடக்கிற நெடுஞ்சாலையைவிடப் பின்னால் ட்ரெய்லரில் வருகிற படகைத்தான் அதிகம் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு அதுவே போதுமாக இருந்தது. சின்ன வயதில் அவள் கட்டிய மூட்டையை எல்லாம் அவிழ்த்துத் திரும்பக் கட்டியவன் அவன். அப்போதும் இப்படித்தான், வாயைத் திறக்க மாட்டான். பேசாமலிருப்பது பெருந்தன்மை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அவளுக்கோ அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் பட்டறையில் படகோடு படகாக ஒட்டிக்கிடந்த கேன்வாஸ் உறை, இப்போது முன்பாதியில் கோபித்துக்கொண்ட பிள்ளையின் கன்னம் மாதிரி உப்பியிருந்தது. எழும்புவதும் அடங்குவதுமாக, கூடவே சடசடவென்று ஒரு சத்தம்.

மரப்படகு அது. அண்ணன் தன் பட்டறையில் கட்டியது, ஏரிக்கரையில் இருக்கிற ஒரு படகு கிளப்புக்குப் போகிறது. மேலே அடித்த வார்னிஷ் இன்னும் முழுசாக இறுகவில்லை. லாரிச் சக்கரம் தெறிக்கிற கல் பட்டாலும் போச்சு, மழை பட்டாலும் போச்சு, உறையே கிடந்து அடித்து உரசினாலும் போச்சு. அந்த உறை அவள் தைத்தது. மெத்தைக் கம்பெனியில் பத்து வருஷமாக மெத்தைக்கு உறை அடித்தவள், இனி படகுக்குத் தைக்கிறேன் என்று போய் நின்றபோது, வழக்கமான கடையை விட்டு இவளிடம் கொடுக்க அண்ணனுக்கு மனசே வரவில்லை. அண்ணிதான் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தாள். இது ஒழுங்காகப் போய்ச் சேரட்டும், பட்டறையின் உறை வேலை மொத்தமும் உனக்குத்தான் என்று கடைசியில் இறங்கிவந்தான். அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்று கம்பெனி சூப்பர்வைசரிடம் அவள் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அவள் மெஷினுக்கு வேறு ஆளும் எடுத்தாகிவிட்டது.

முதல் தடவை சாலையோரமாக நிறுத்தி, அண்ணன் உறைக்கு மேல் ஒரு கயிற்றைப் போட்டு இறுக்கினான். படகின் விளிம்பில் கயிறு பதியாமல் இருக்கப் பழைய துண்டு ஒன்றை மடித்து வைத்தாள் அவள். அதனால் கண்ட பலன், ஒரு தொப்பை இரண்டு தொப்பையானதுதான். இரண்டாவது தடவை பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால், லாரிகள் நிறுத்துகிற பெரிய மைதானத்தில் நிறுத்தினார்கள். நடுவில் ஒரு பிரஸ் பட்டன் பிய்ந்து போயிருந்தது. அவர்கள் போகவேண்டிய திசையில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கழட்டிடலாம் வாண்டு. மழைக்கு முன்னாடி எப்படியாவது ஓட்டிட்டுப் போயிடறேன். உன்மேல தப்பில்ல. முதல் தடவை இப்படித்தான் இருக்கும்."

நாற்பதைத் தொடப்போகிறவளை இன்னும் வாண்டு என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன். அதுகூடப் பரவாயில்லை. உன்மேல தப்பில்ல என்றானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தையலைத் தடவிப் பார்த்தாள், அடியில் ட்ரெய்லரோடு கட்டிய பட்டைகளை இழுத்துப் பார்த்தாள். பிய்ந்த பட்டனைத் தவிர எல்லாம் சரியாகவே இருந்தது. நிற்கும்போது அந்த உறையைப்போல நல்ல பிள்ளை உலகத்திலேயே கிடையாது. ஓடும்போதுதான் அதற்குக் கொழுப்பு. அப்படியானால் ஓடும்போதுதான் பார்க்கவேண்டும் என்று அவள் முடிவுசெய்தாள்.

"நான் உள்ள படுத்துக்கறேன். நீ இந்த மைதானத்துக்குள்ளயே வேகமா ஒரு சுத்து ஓட்டு."

"எங்க உள்ள?"

"படகுக்குள்ள."

உன் வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது என்றான். முட்டி பெயர்ந்துவிடும் என்றான். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்றும் சொன்னான். அதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கப் பட்டையைத் தளர்த்தி உள்ளே ஒரு காலை விட்டிருந்தாள்.

உள்ளே வார்னிஷ் நெடி மூக்கைத் துளைத்தது. பலகைகளுக்கு நடுவே மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேல் தையல் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொடிப்பொடியாக வந்தது. தான் தைத்த ஒன்றை உள்ளிருந்து பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் முறை. வரிசை நேராகத்தான் இருந்தது. அதில் அந்த நிலைமையிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம். வண்டி கிளம்பி வேகம் பிடித்தது. குலுங்கிய குலுக்கலில் பல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. எதிர்க்காற்றில் திரும்பியதும், கழுத்துக்கு நேரே சில்லென்று காற்று வந்து இறங்கியது.

அந்த இடத்தில்தான் உறையின் இரண்டு துண்டுகளும் சேர்கின்றன. பின்பக்கத்தை மட்டும் தனியாகத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று முன்துண்டு, பின்துண்டு என்று தைத்து, நடுவில் பிரஸ் பட்டன்களால் சேர்த்திருந்தாள். பின்துண்டின் விளிம்பு முன்துண்டுக்கு மேலே படிந்து, முன்பக்கம் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வருகிற காற்றையெல்லாம் வா வா என்று கூப்பிட்டு விழுங்கியது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கம்பெனியில் அடுத்து வருகிற துண்டை ஏற்கனவே இருக்கிற துண்டின்மேல் போட்டு அடிப்பதுதான் வழக்கம். பத்து வருஷம் அப்படி அடித்த கை, தலையைக் கேட்காமல் இங்கேயும் அதையே செய்துவிட்டது. எந்த மெத்தை எதிர்க்காற்றில் ஓடுகிறது?

அவமானத்தில் முகம் சூடாகும்போதே, அந்த முகத்தில் ஏதோ ஒன்று பளீரென்று அறைந்தது. வழுவழுவென்று பிளாஸ்டிக். கையை நீட்டி இழுத்துப் பார்த்தாள். நீல ஷீட். பட்டறைக்குப் பின்னால் பலகைகளை மூடி வைக்கிற அதே ஷீட், படகின் முன்பாதியில் அவள் உறைக்கு அடியில் விரித்திருந்தது. உள்ளே நுழைந்த காற்று ஷீட்டைத் தூக்க, ஷீட் உறையைத் தூக்கியது. அதன் ஓரத்து இரும்பு வளையம் ஒன்று படகின் விளிம்பில் டக்டக்கென்று இடித்துக்கொண்டிருந்தது. பலகையை ஓங்கித் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

அவள் ஷீட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அண்ணன் டயரைப் பார்த்தான். டயரில் ஒன்றும் இல்லை.

"காலைல கிளம்பறதுக்கு முன்னாடி போட்டேன். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"எதுக்குப் பாதுகாப்பு? மழைக்கா, எனக்கா?"

அவன் மறுபடி டயரைப் பார்த்தான். அவள் நினைத்தால் பழியை மொத்தமாக அந்த ஷீட்டின் தலையில் கட்டிவிடலாம். அவன் மறுபேச்சுப் பேசமாட்டான், வாழ்நாளுக்கும் தலைகுனிந்து உறை வேலையைக் கொடுத்துக்கொண்டிருப்பான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அரித்தது. ஆனால் அந்தத் திறந்த வாய் மழைத்தண்ணீரையும் இப்படியே விழுங்கும். உறை தன்னுடையது என்றால் அதிலுள்ள தப்பும் தன்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று பட்டது அவளுக்கு.

"ஷீட் உன் தப்பு. இந்த மடிப்பு என் தப்பு. முன்துண்டுதான் மேல வரணும், நான் மாத்திப் போட்டுட்டேன். இப்பவே பிரிச்சுத் தைக்கப்போறேன். நீ துணியப் பிடி. பிடிச்சா மட்டும் போதும்."

பையிலிருந்து நீள ஊசியையும் மெழுகு தடவிய நூலையும் எடுத்தாள். பட்டன்கள் இனி பொருந்தாது, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை கையால்தான் தைக்கவேண்டும். பின்துண்டை உள்ளே தள்ளி, முன்துண்டை அதன்மேல் இழுத்துவிட்டாள். ட்ரெய்லர் சக்கரத்தின் மட்கார்டுமேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு குத்த ஆரம்பித்தாள். இரட்டை கேன்வாஸில் ஊசி இறங்க அடம்பிடித்தது. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தள்ளியதில் தோல் கன்றிப்போனது. நிறுத்தவில்லை. அண்ணன் பிடித்துக்கொண்டு நின்றான். இடையில் முன்விளிம்பில் வளையம் இடித்த இடத்தை அவன் கண் கண்டுபிடித்துவிட்டது. நக நீளத்துக்கு ஒரு கீறல். கட்டைவிரலால் அதை ஒருதரம் தடவினான். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி நூலைப் பல்லால் கடித்தாள்.

லாரிக்காரர் ஒருவர் பல் குத்திக்கொண்டே வந்து நின்று, இதெல்லாம் வேலைக்காகாது, மேலே நல்லா நாலு கயிறு போட்டு இறுக்குங்க என்று அண்ணனுக்கு யோசனை சொன்னார்.

"அது அவங்க வேலைங்க," என்றான் அண்ணன். "அவங்களுக்குத் தெரியும்."

அவள் நிமிரவில்லை. ஊசி மட்டும் ஒரு கணம் துணியில் பாதி இறங்கி அப்படியே நின்றது.

திரும்ப நெடுஞ்சாலை ஏறியபோது கறுத்த மேகம் தலைக்கு மேலேயே வந்திருந்தது. கயிற்றை அண்ணன் சுருட்டிப் பின்சீட்டில் எறிந்திருந்தான். ஷீட் அவள் காலடியில் மடித்துக் கிடந்தது. வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சடசட சத்தம் வரவில்லை. இன்னும் பாதி வழி இருக்கிறது, பெரிய மழையும் இருக்கிறது. இருந்தாலும் இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று தோன்றியது.

"கம்பெனி வேலைய விட்டுட்டேன்ணா. உன்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே."

ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போனது. அதன் காற்றில் வண்டி லேசாக ஆடி நிலைக்கு வந்தது. பழக்கதோஷத்தில் அண்ணன் கை நடுக்கண்ணாடிக்குப் போனது. தட்டவில்லை. கண்ணாடியைப் பிடித்து மெதுவாக அவள் பக்கம் திருப்பிவிட்டு, கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனான்.

"நீயே பாத்துக்கோ."

முதல் துளிகள் விழுந்தன. கன்றிய உள்ளங்கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மழை படகின் மூக்கில் விழுந்து, கேன்வாஸ் நெடுக வழுக்கிக்கொண்டு வந்து, புது மடிப்பின்மேல் ஏறி, நிற்காமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.