குச்சிக்குப் பொட்டு வைத்த ராசப்பன்

எங்கள் திருச்செங்கோட்டுக் கோகுல்ராஜ் பத்து வருஷமாகத் தொழில்முறை ஸ்னூக்கர் ஆட்டக்காரன். இது ஊரில் மொத்தம் மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்றாவது ஆள் நான். மற்றவர்கள் அவன் ஆட்டக் குச்சியை வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் நீளப் பெட்டியைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, ஆவணியில ஒரு முகூர்த்தம், நாயனம் வாசிக்க வருவீங்களா?" என்பார்கள்.

ஒருமுறை அவன் பந்தை அடித்த சத்தத்தில் ஆட்டையாம்பட்டியில் முறுக்கு நொறுங்கியது. நம்பாதவர்கள் முறுக்கைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்த வருஷம் தோல்விமேல் தோல்வி. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கிளப்பில் நடந்த போட்டியிலும் தோற்றால் தொழில்முறைப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். போனால், திங்கட்கிழமையே அப்பா ராசப்பனின் போர்வெல் ரிக் வண்டியில் ஏறிச் சத்தீஸ்கர் போக வேண்டும். வீட்டில் அப்படித்தான் பேச்சு.

நானும் ராசப்பனும் பார்க்கப் போயிருந்தோம். போட்டி சமநிலையில் நின்றது. கடைசி ஆட்டத்துக்கு முன் டீ இடைவேளை. கோகுல் வெளியே போனதும் ராசப்பன் அவன் குச்சியை எடுத்தார். ரிக்கோ லாரியோ, பொட்டு வைக்காமல் எதையும் அவர் வேலைக்கு அனுப்பியதில்லை. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். பந்தில் படும் நுனியிலேயே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். எனக்கும் அப்போது உறைக்கவில்லை. பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கோகுல் வந்தான், பதற்றத்தில் நுனியைப் பார்க்காமலே அடித்தான். வழுக்கியது. வெள்ளைப் பந்து குங்குமத்தோடு கல்யாணப் பெண் மாதிரி நாலடி நடந்து நின்றுவிட்டது. எதிராளி சித்தார்த் சிரித்தது அயோத்தியாப்பட்டணம் வரை கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே மளமளவென்று புள்ளி சேர்த்து, ஒரு பந்து தவறியதும் போய் உட்கார்ந்தான்.

கோகுல் நுனியைத் துடைக்கப் போனான்.

"கை வெக்காதே! பொறப்படற வண்டியில பொட்டை அழிப்பாங்களா?" ராசப்பன் எழுந்தே விட்டார்.

"வழுக்குதுங்கப்பா."

"வழுக்குனா?"

"தோத்துருவேனுங்க. திங்கக்கெழமை ரிக்குல ஏறிக்கறேன், உடுங்க."

ராசப்பன் முகம் வெளுத்துப் போனது. விறுவிறுவென்று மேசைக்கு வந்து, தோள் துண்டாலேயே நுனியைத் துடைத்தார். விரலில் ஒட்டியதை மகன் நெற்றியில் இழுத்துவிட்டார். "இங்க இருந்தாலும் சாமிக்குத் தெரியும். அடி!"

அடித்தான் பாருங்கள்! பந்துகள் முண்டியடித்துக்கொண்டு குழிக்குள் ஓடின. கடைசிக் கறுப்புப் பந்து மட்டும் விளிம்பில் நின்று யோசித்தது. நான் மூச்சு விடவில்லை. சேலம் மாவட்டத்திலேயே யாரும் விடவில்லை.

விழுந்தது.

கோகுல் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டான். பட்டியலில் பெயர் தங்கிவிட்டது. அவனைவிடப் பெரிய பெருமூச்சு ராசப்பனுடையது.

"பையன் தப்பிச்சானுங்க," என்றேன்.

"அவனா? நான்தான் தப்பிச்சேன்! போன தடவை கூட்டிட்டுப் போனதுக்கு, துளை போடற பிட்டையே போருக்குள்ள கழட்டி உட்டுட்டு எட்டிப் பார்த்துட்டு நின்னானுங்க. இவன் ரிக்குல ஏறிரக் கூடாதுன்னுதானே அந்தப் பொட்டையே வெச்சேன்!"