கழுவின டாலர்

தங்கராஜுவுக்கு இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி பஸ் ஓட்டியே காலத்தைத் தள்ளியவர். பஸ்ஸுக்கு எண்ணெய் ஊற்றும்போது மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று இறங்கிப் பார்க்காமல் விடமாட்டார். பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தன் கையாலேயே திறந்து பார்ப்பார். வலது கண்ணில் புரை வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதும், இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

அந்தப் புரையை எடுக்கத்தான் அவர் மனைவி ஜெயலெட்சுமி, ஜெலுத்தோங் ஃபிளாட்டுப் பெண்களோடு சேர்ந்து மாதாமாதம் போட்டுவந்த கூட்டுப் பணத்தை எடுத்து உறையில் வைத்துக் கொடுத்திருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரக் காத்திருந்தால் நாளாகும், தனியார் கிளினிக்கில் கட்டினால் அடுத்த வாரமே முடிந்துவிடும் என்பது அவள் யோசனை. "கட்டிட்டு வந்துடுறேன்" என்று காலையில் கிளம்பிய மனிதர், கிளினிக் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நடந்த நாணய ஏலத்துக்குப் போய்விட்டார்.

எல்லாம் ஒரு ராஜா தலை டாலருக்காக. எட்வர்ட் ராஜா கிரீடம் வைத்திருக்கும் பழைய வெள்ளி டாலர். 'கழுவாதது, அச்சடித்த பளபளப்பு அப்படியே உள்ளது' என்று ஏலப் புத்தகத்தில் போட்டிருந்தது. வாங்கி, சிங்கப்பூர்க்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டால் கண்ணுக்கும் ஆச்சு, கைக்கும் மிச்சம் என்று மனுஷன் மனக்கோட்டை கட்டியிருந்தார்.

ஏலம் தொடங்குமுன் காசுகளைக் கையில் எடுத்துப் பார்க்க விட்டிருந்தார்கள். பச்சைத் துணி விரித்த மேசை, அதன்மேல் வளைகழுத்து விளக்கு. தங்கராஜு டாலரை ஓரத்தில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வழக்கம்போல் வலது கண்ணில் வைத்துப் பார்த்தார். ராஜாவின் மீசை தேயவில்லை. காதுக்கு மேலே முடி தெரிந்தது. கிரீடத்தில் முத்துகள் வரிசையாக நின்றன. விளிம்பில் வெட்டோ பற்றவைப்போ இல்லை.

"அண்ணே, அத வச்சிருங்க. கழுவின காசு அது. பாதி விலைகூடப் போகாது."

பக்கத்தில் அப்துல் ரசாக். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் காசுக்கடை போட்டிருப்பவன். தங்கராஜு ஞாயிறு தவறாமல் அவனிடம் போய்ச் சண்டை போடுவார். அவன் சண்டையோடு டீயும் வாங்கிக் கொடுப்பான்.

"நீ பாத்தியா?"

"பாக்காமலா சொல்றேன்? யாரோ எதையோ வச்சு நல்லாத் தேய்ச்சிருக்காங்க. விளக்குக்குக் கீழ சாச்சுப் பாருங்க. தேய்க்காத காசுல வெளிச்சம் சக்கரம் மாதிரி சுத்தி ஓடும். இது சும்மா தகரம் மாதிரி மின்னுது."

தங்கராஜு சாய்த்துப் பார்த்தார். வெளிச்சம் கம்பி கம்பியாகப் பிரிந்து சுழன்றது.

"ஓடுதே!"

"எங்க ஓடுது?"

"எனக்கு ஓடுது."

"அப்ப உங்க கண்ணுக்குள்ளதான் ஓடுது லா, அண்ணே."

தங்கராஜுவுக்குச் சுருக்கென்றது. பாய் குழி வெட்டுகிறான் என்று உடனே முடிவுகட்டினார். நம்மை விரட்டிவிட்டுத் தான் அமுக்கப் பார்க்கிறான். இவன் முன்னால் கையைத் தூக்கினால் வேண்டுமென்றே விலையை ஏற்றுவான். அதனால் ரசாக் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து, மேசைக்காரப் பெண் ஷரீஃபாவிடம் போனார். கேட்கும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால் ஏலத்தில் கையே தூக்க வேண்டாம். புது ஆள் என்பதால் முன்பணம் கேட்டாள். உறையை அப்படியே கொடுத்தார். சீட்டைப் பெட்டிக்குள் தள்ளியபோது ரசாக்கின் கண்ணில் மண்ணைத் தூவிய சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் டாலர் மாப்பிள்ளையை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று மேசைக்குத் திரும்பினார். வெகுநேரம் உற்றுப் பார்த்ததில் வலது கண் தண்ணீர் விட ஆரம்பித்திருந்தது. துடைத்துக்கொண்டு கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றினார்.

ராஜாவின் கன்னம் பூராவும் முடிபோல் மெல்லிய கீறல்கள். ஒரே பக்கமாக, துடைப்பத்தால் வாசல் பெருக்கினதுபோல. காசைச் சாய்த்தார். வெளிச்சம் ஓடவில்லை, ஒரே இடத்தில் பரப்பாக நின்றது.

காசை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். திரும்ப வலது கண்ணில் வைத்தார். சக்கரம் சுற்றியது. தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தார். விளக்கைச் சுற்றியும் அதே சக்கரம்.

இடது கண்ணால் மறுபடி பார்த்தார். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. அதை அவருக்குத் தெரியும். வியாழன் சாயங்காலம் ஜெயலெட்சுமி சாமி விளக்கைப் புளிபோட்டுத் தேய்ப்பாள், வெள்ளிக் குங்குமச் சிமிழை விபூதிபோட்டுத் தேய்ப்பாள். சிமிழின் பூவேலைக்குள் இதே வெள்ளைதான் நிற்கும். எந்த வீட்டிலோ இந்த டாலரைச் சாமிக்கு வைத்து வாராவாரம் தேய்த்திருக்கிறார்கள். சாமி காசு பளிச்சென்று இருக்கட்டும் என்று நல்ல மனசோடுதான் செய்திருப்பார்கள். ராஜாவின் தோல் உரிந்துவிட்டது.

ஷரீஃபாவிடம் ஓடினார். "அம்மா, அந்தச் சீட்ட எடுத்துக் குடும்மா."

"பெட்டில போட்டா போட்டதுதான், அங்கிள். ரூல்ஸ் அப்படி."

"கண்ணு ஆப்பரேசன் காசும்மா அது."

அவள் முகம் வாடியது. ஆனாலும் தலையை ஆட்டினாள். "என்னால திறக்க முடியாது, அங்கிள். சாரி."

நாற்காலிகள் நிறைய ஆரம்பித்தன. தங்கராஜு நின்ற இடத்திலேயே வியர்த்தார். இந்தக் காசின் லட்சணம் தெரிந்தவன் எவனும் கை தூக்கப்போவதில்லை. அவர் சீட்டுதான் ஜெயிக்கும். வீட்டில் ஜெயலெட்சுமியிடம் என்ன சொல்வது? கண்ணுக்குப் பதில் காசு வாங்கி வந்தேன், அதுவும் கழுவின காசு என்றா?

ரசாக் வாசலோரம் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் போவதற்குப் பதில் மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. போனார்.

"ரசாக்கு. அந்தக் காசுக்கு நான் சீட்டுப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"நீ கக்கூசுக்குப் போனப்ப."

ரசாக்குக்குப் பிஸ்கட் புரையேறியது. இருமி, கண்ணைத் துடைத்து, பிறகு சிரித்தான். "எனக்குத் தெரியாம போட்டீங்களாக்கும்! ஒளிச்சுப் போடுறதுக்கு நான் என்ன திருட்டுப் பயலா அண்ணே ஒங்களுக்கு?"

"நெனச்சேன். இப்ப என்ன பண்றது, சொல்லு."

"இப்பவாவது கழுவினதுன்னு தெரியுதா?"

"எழுத்துக்குள்ள விபூதி நிக்குது."

ரசாக் சிரிப்பை நிறுத்தினான். "விபூதியா? நான் கீறலத்தான் பாத்தேன். வாங்க."

ஷரீஃபாவின் முன்னால் ஏலப் புத்தகத்தை விரித்து விரலை வைத்தான். "இங்க என்ன போட்டிருக்கு? கழுவாததுன்னு. இப்ப காச எடுத்து நீங்களே பாருங்க, தங்கச்சி. எழுத்து இடுக்கப் பாருங்க."

அவள் பார்த்தாள். ஊசி முனையால் ஓர் எழுத்தின் ஓரத்தைத் தொட்டதும் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. விளக்கின் கீழ் சாய்த்தாள். உள்ளறைக்குக் காசோடு போனாள். அவள் திரும்பி வரும்வரை தங்கராஜு வேட்டைக்காரனிடம் மாட்டின முயல்போல் நின்றார். ரசாக் மிச்ச பிஸ்கட்டை நீட்டினான். வாங்கி வாயில் போட்டார், ருசி தெரியவில்லை.

"நல்ல வேளை விக்கிறதுக்கு முன்னாடியே சொன்னீங்க," என்றாள் ஷரீஃபா. "புத்தகத்துல போட்டத மாத்தி அறிவிக்கிறோம். விவரம் மாறினா அதுக்கு முன்ன போட்ட சீட்டெல்லாம் செல்லாது. அதுவும் ரூல்ஸ்தான்."

உறை கைக்கு வந்தது. தங்கராஜு அதை உள்சட்டைக்குள் செருகி, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். அப்போதுதான் மூச்சு முழுதாக இறங்கியது. கிடைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஏலம் தொடங்கியது. 'கழுவப்பட்டது' என்ற அறிவிப்போடு ராஜா தலை டாலர் அடிமாட்டு விலையில் ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு கை உயர்ந்தது. ரசாக்கின் கை. வேறு எவரும் அசையவில்லை. சுத்தியல் விழுந்தது.

தங்கராஜு வெடுக்கென்று திரும்பினார். "டேய்! அப்ப ஒனக்கு ஆசை இருந்திச்சுதானே?"

"கழுவின விலைக்கு யாருக்குத்தான் ஆசை இல்ல? சாமிக்கு வைக்க ராஜா காசு இருக்கா பாய்னு கேட்டு எத்தன அக்காமார் வர்றாங்க. அவங்களுக்குப் பளபளன்னு இருந்தாத்தான் புடிக்கும். நீங்க எழுதின விலைக்கு நான் வாங்கியிருந்தா எம் பொண்டாட்டி என்னைத் தேய்ச்சு வச்சிருப்பா."

தங்கராஜு முறைத்துப் பார்த்தார். முறைப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கைப்பேசி அடித்தது. ஜெயலெட்சுமி. "என்னங்க, கட்டிட்டீங்களா?"

"இந்தா, போய்க்கிட்டே இருக்கேன்."

"இன்னுமா போறீங்க? ஊர்ந்தா போறீங்க?"

"கூட்டமா இருந்திச்சு. வந்து சொல்றேன்."

கீழே ரசாக் மோட்டார் சைக்கிளை எடுத்து நிறுத்தியிருந்தான். இன்னொரு தலைக்கவசத்தை நீட்டினான். "கிளினிக்குத்தானே? ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்."

தங்கராஜு தலைக்கவசத்தின் வாரை இழுத்துச் சோதித்தார். குனிந்து பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

"எந்த வழியா போவ?"

"அண்ணே, ஏறுங்கண்ணே!"

ஏறினார்.