கலங்கல் நீரில் கடிக்காத நிறம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. இலி ஆற்றங்கரையில் தூண்டிலுக்கு மாட்டும் ரப்பர் மீன்கள் விற்கிறேன். ஒருவர் வந்து கேட்டார்: "கலங்கின தண்ணியில எந்த நிறத்த மீன் கடிக்கவே கடிக்காது?"

கடிக்கும் நிறத்தைத்தான் ஊரே கேட்கும். வெள்ளி என்றேன்.* ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

* தெளிந்த நீரில் வெள்ளி மின்னும். கலங்கலில் அது இருப்பதே தெரியாது. அங்கே எலுமிச்சை மஞ்சள்தான்.

2

ஆறு கண்ணாடியாக ஓடிய அந்தக் காலையில்...

(வேண்டாம். தெளிந்த நீரில் இந்தக் கதை செத்துவிடும்.)

மலைப்பனி உருகி, ஆறு பால் விட்ட தேநீராக வந்த ஜூலை மாதம். எசெத் தூண்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். படகில் எதிரே இருப்பவர் துர்சின்கான். அவர் மகனுக்குத்தான் எசெத்தின் மகள் மார்ஜானைப் பேசியிருக்கிறது. கல்யாணத் தேதியை மனிதர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சம்பந்தியைவிடப் பெரிய மீனைப் பிடித்தால் மரியாதைக் குறைவு. விட்டுக்கொடுத்தது தெரிந்தாலோ அதைவிட மோசம்.

அதனால் மஞ்சள் ரப்பர் மீனை அவரிடம் நீட்டிவிட்டு, வெள்ளியைத் தான் எடுத்துக்கொண்டார் எசெத்.

"என்ன சம்பந்தி, எனக்குக் கிலுகிலுப்பையா? உங்க கையில இருக்கிறதக் குடுங்க."

"இது பழசுங்க. வாலு வேற பிஞ்சிருக்கு."

"அதான் வேணும்."

விருந்தாளி கேட்டதை இல்லையென்று சொல்ல எங்கள் பக்கம் யாருக்கும் வாய் வராது. கைமாறியது.

3

(துர்சின்கானை முதலில் முரடராக எழுதியிருந்தேன். ஆடு மேய்க்கிற ஆளுக்கு மீனைப் பற்றி என்ன... அடித்துவிட்டேன். காரணம் பிறகு.)

எசெத் மீனே வராத கரையோரமாகப் பார்த்து மஞ்சளைப் போட்டார். விழுந்ததும் கோல் வளைந்தது. சுதாக் மீன், அதுவும் தாட்டியானது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

முடிவு அ: தூண்டில் நரம்பை அறுத்துவிடுகிறார். (முடியாது. சம்பந்தி கண்கொட்டாமல் பார்க்கிறார்.)

முடிவு ஆ:

"சம்பந்தி, இதக் கொஞ்சம் பிடிங்க. படகுல தண்ணி ஏறுது."

துர்சின்கான் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

"குளிர்ல வெறைச்சுப் போச்சே, சம்பந்தி."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

4

கடைக்கு வந்தவர் எசெத் என்றுதானே நினைத்தீர்கள்? ஆற்றிலேயே வளர்ந்தவருக்கு அந்தச் சந்தேகம் எதற்கு? வந்தவர் துர்சின்கான். பெண்ணைக் கொடுப்பவரை அவருடைய சொந்த ஆற்றிலேயே தோற்கடித்துவிடக் கூடாதே என்று அவருக்கும் பயம்.

எசெத்துக்கு இது தெரியாது. எழுதுகிற எனக்குத் தெரியும். இங்கிருந்து கத்தினால் படகுக்குக் கேட்காது. மீன் இழுக்கிறது, இரண்டு தகப்பன்களுக்கும் அது வேண்டாம். நீங்களாவது சொல்லுங்கள், ரீலை யார் சுற்றுவது? சீக்கிரம். அது பழைய நரம்பு.