ஒரு சைஸ் கூட

எங்கள் கடையில் துணி எடுத்த யாரும் இறுக்கமாக இருக்கிறது என்று திரும்பி வந்ததில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் ஆதிநாராயணன் ஜவுளி என்றால், ‘ஒரு சைஸ் கூடவே எடுத்துக் கொடுப்பாங்க’ என்று பெயர். அப்பா உண்டாக்கிய பெயர் அது. மகன் விக்ரமன், அதாவது நான், அதைக் காப்பாற்றி வருகிறேன். துவைத்தால் துணி சுருங்கும், தின்றால் உடம்பு வைக்கும். இதில் என்ன தப்பு?

என் மனைவி வெண்மதிக்குக் கடல் உடை வாங்கியபோதுதான் தப்பு தெரிந்தது.

அவள் தினமும் விடியற்காலை பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா நீச்சல் பழக்குகிறாள். பிறந்த ஊரான தளவானூர்க் கிணற்றில் நீந்திப் பழகியவள், இப்போது ஊரார் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கடலுக்குள் கூட்டிப்போய் மீன் காட்டுகிறாள். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்; மூன்று எம்எம் தடிமனில் வெட்சூட் என்கிற ரப்பர் உடை போதும். ஆனால் அடுத்த வாரம் அவள் உலகத்தின் தென்கோடியில் இருக்கும் டாஸ்மேனியா தீவுக்குப் போகிறாள். அங்கே கடலடியில் வளரும் பாசிக் காடுகளைக் கணக்கெடுக்கும் வேலை, ஆறு மாதம். நமக்குக் கத்திரி வெயில் அடிக்கும்போது அவர்களுக்குக் குளிர் தொடங்குகிறது. தண்ணீர் பன்னிரண்டு டிகிரியாம். ஊட்டியில் மூன்று போர்வைக்குள் சுருண்டுகொண்டு, "ஊருக்கே போயிடலாம்" என்றவள் இவள்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வேறென்ன செய்வது, உடையை நான்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தேன். ஊருக்கே துணி கொடுத்த குடும்பம், கட்டிய மனைவியைக் குளிரில் விடுமா?

சென்னையில் ஒரு கடைக்கு ஃபோன் போட்டு, ஏழு எம்எம்மில், ஒரு சைஸ் கூடவே வரவழைத்தேன். உள்ளே போட்டுக்கொள்ள ஒரு கம்பளி ஸ்வெட்டரும் எடுத்து வைத்தேன். வந்தது ஆண்கள் உடை; பெண்களுக்குத் தனி வெட்டு உண்டாம். அதை யார் என்னிடம் சொன்னார்கள்? பார்சல் வந்ததும், புதுத் துணி இல்லையா, கழுத்துப் பட்டையின் உள்பக்கம் மஞ்சள் தடவிக் கொடுத்தேன்.

வெண்மதி உடையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தண்ணியில எறங்கிப் பாத்துடலாம்" என்றாள்.

வெளியே கோட்டை மலைப் பாறையெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. கடையின் பழைய ஆளான வீரமணி அண்ணன் ஐஸ் பார் வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியில் போட்டார். உடையைப் போட்டுக்கொண்டு வந்த வெண்மதி, கையில் கட்டியிருந்த, ஆழமும் குளிரும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை முக்கிப் பார்த்து, பன்னிரண்டு வந்ததும் இறங்கிக் கழுத்துவரை உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில், பல் தந்தியடிக்க வெளியே வந்துவிட்டாள்.

"கழுத்துல கையே போவுது பாரு" என்றாள். "இதுக்குள்ள கொஞ்சம் தண்ணி பூரும். ஒடம்பு சூட்டுல அது வெதுவெதுன்னு ஆயிடும், அதான் குளிரு தெரியாது. லூசா இருந்தா அந்தத் தண்ணி வெளிய போயி, புதுசா ஜில்லுனு வந்துக்கினே இருக்கும். கதவத் தொறந்து போட்டுட்டு ஏசி போடற மாதிரி."

"மாத்திக்கலாம்" என்றேன்.

"இன்னா, மஞ்சள் வெச்சதையா?"

வீரமணி அண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சிரிக்காதண்ணே" என்றேன்.

"அங்க ட்ரை சூட் வாடகைக்குத் தராங்க. அதுக்குள்ள தண்ணியே வராது. உள்ள ஸ்வெட்டர் போட்டுக்கலாம், நீ எடுத்தது வீணாவாது" என்றாள் வெண்மதி. "இத நீ போடு."

"நானா?"

"போடேன்."

அவள் உள்ளே போய் அதைக் கழற்றிக் கொண்டுவந்தாள். காலில் பிளாஸ்டிக் பையை மாட்டி வழுக்கவிட்டு, இழுத்து, வீரமணி அண்ணன் முதுகில் ஜிப்பைத் தூக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே அடங்கினேன். பிறந்ததிலிருந்து நான் போட்ட முதல் அளவான உடை அதுதான். தொட்டியில் இறங்கியதும் முதுகில் ஒரு கோடாக ஐஸ் தண்ணீர் ஓடியது. உயிர் போய் வந்தது. பிறகு மெல்ல மெல்ல அந்த ஈரம் சூடாயிற்று. தாடைக்குக் கீழே ஐஸ் கட்டி மிதக்கிறது, எனக்குக் குளிரவில்லை.

"குளிருதா?"

"இல்ல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆறு மாசம் நீ இல்லாம எப்படி இருக்கப் போறேன்னு தெரியல வெண்மதி."

வீரமணி அண்ணன் சட்டென்று மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அவள் தொட்டியோரம் குந்தினாள். என் கழுத்துப் பட்டையை மடித்து மஞ்சளைப் பார்த்தாள். "ஆடியில தள்ளுபடி போட்டாலும் நீ கடையில ஈதான ஓட்டற. ஆடிக்கு அங்க வா."

"எனக்கு நீச்சல் தெரியாதே."

"தளவானூர்ல கெணறு இருக்குது, கத்துக் குடுக்க எங்க நைனா இருக்காரு. இந்த ஏழு எம்எம் ரப்பரு மெதக்கும், நீயே நெனச்சாலும் முழுவ மாட்ட."

தொட்டிக்குள் இருந்தபடியே கேட்டேன். "பாஸ்போர்ட் எடுக்க எவ்ளோ நாளு ஆவும்ண்ணே?"

"ஆவுறப்ப ஆவுது, நீ மொதல்ல எழுதிப் போடு. கடைய நான் பாத்துக்குறேன்" என்றார் அவர், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெண்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"கடைய உட்டு வரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு கேக்கவே பயமா இருந்துச்சு" என்றாள்.

எழுந்து, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அவளைக் கட்டிக்கொண்டேன்.

"ஜில்லுனு இருக்குது, விடு" என்றாள். ஆனால் அவள்தான் விடவில்லை.